எங்கும் கிடைக்காத வெள்ளை

கோணமானி என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. மனைவியின் அண்ணன் இட்டது. திருமணமான புதிதில் மாமனார் வீட்டுக்குச் சென்றவர், கூடத்துச் சுவரில் தொங்கிய புகைப்படச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு நேராக்கிவிட்டுத்தான் நாற்காலியில் அமர்ந்தார். அமர்ந்த பிறகு, நாற்காலி மேசைக்கு இணையாக இல்லையென்று கண்டு மறுபடியும் எழுந்தார். "மாப்ளைய உக்கார வைக்க ஒரு கோணமானி வாங்கணும் போலிருக்கே!" என்றார் மச்சான். அன்று கூடத்தில் எழுந்த சிரிப்பு அடங்கிவிட்டது, பெயர் அடங்கவில்லை.

அவர் தொழில் உள்ளலங்காரம். கடையோ அலுவலகமோ மருத்துவமனையோ, உள்ளே எந்தச் சுவர் எங்கே நிற்கவேண்டும், எந்த விளக்கு எந்த முகத்தில் விழவேண்டும் என்று வரைந்து கொடுப்பார். வீட்டின் முன்னறையே அலுவலகம். அவ்வறைக்குள் வளைந்த பொருள் ஒன்றுகூடக் கிடையாது. அதைத் துடைத்துத் துடைத்து வளைந்துபோன மனைவியின் முதுகைக் கணக்கில் சேர்க்காவிட்டால். புதிய பென்சில்கள்கூடப் பழைய பென்சிலின் உயரத்துக்குச் சீவப்பட்ட பிறகே மேசைக்கு வந்தன.

இந்த முன்னறைமேல் மச்சானுக்கு ஒரு கண். அவர் கணினி விற்பவர், பழுதுபார்ப்பவர், இவ்விரண்டையும்விட அதிகமாகப் பேசுபவர். அவருடைய சரக்கறை இருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். கறுப்புப் பெட்டிகள், வயர்ச் சுருள்கள், மூடி கழன்று வாயைப் பிளந்து கிடக்கும் பிரிண்டர்கள் எல்லாம் எங்கே போவது? "முன்ரூம் சும்மாதானே கெடக்கு" என்று தங்கையிடம் சொல்லிவைத்தார். கோணமானி அந்த அறைக்குள் அமர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் கோணமானி தகடுபோல் மெல்லிய புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கினார். வாங்குமுன் அதன் தடிமனைப் பார்த்தார். ஓரங்கள் மழுங்கியிருந்த விதத்தைப் பார்த்தார். அதன் வெள்ளி நிறம் மேசையின் சாம்பல் நிறத்தோடு இழைகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார். தம்முடைய வரைகலை மென்பொருள் அதில் ஓடுமா என்பதை மட்டும் பார்க்கவில்லை. அந்த மென்பொருளுக்கு யானைப்பசி. விசிறி இரையும் பெரிய கறுப்புப் பெட்டிகளில் மட்டுமே அது இயங்குமென்று அதைச் செய்தவர்களே முதற்பக்கத்தில் எழுதியிருந்தார்கள். கோணமானி அந்தப் பக்கத்தின் எழுத்துரு நன்றாயில்லையென்று படிக்காமல் கடந்திருந்தார்.

"அதுல இது ஓடாது மாப்ள" என்றார் மச்சான், சாப்பாட்டு மேசையில், எல்லோர் எதிரிலும். "ரெண்டும் இனமே வேற. பஸ்சுக்கு டிக்கெட் வாங்கிட்டு ரயில்ல ஏறுற மாதிரி இருக்கு."

"ஏறத் தெரிஞ்சவன் ஏறுவான் மச்சான்."

"டிக்கெட் கேப்பாங்களே?"

"கேக்கட்டும். ஓடும்னா ஓடும்."

மனைவி காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களைப் படிப்பவர். மனிதர்கள் சொல்வதில் எது நடந்தது, எது நடந்திருக்கலாம், எது நடக்கவே நடக்காதது என்று பிரித்துப்பிரித்துப் பழகியவர். அவர் இருவரையும் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேரும் கேளுங்க. அந்தப் பல் டாக்டர் புதுசா கிளினிக் கட்டுறார்ல? அந்த வேலைய வாங்கி, இந்தக் கம்ப்யூட்டர்லயே முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா முன்ரூம் உங்களுக்கு. அண்ணன் அதைப் பத்தி வாயே தொறக்கக் கூடாது. இல்லைன்னா பெட்டிங்க உள்ள வரும். நீங்க இந்த மேசையில உக்காந்து வரைஞ்சுக்கலாம்."

"இந்த மேசைக்கு ஒரு கால் குட்டை" என்றார் கோணமானி.

ஓடாததை ஓடவைக்க ஒரு வழி இருக்கத்தான் செய்தது. எமுலேட்டர் என்று பெயர். ஒரு கணினியை இன்னொரு கணினியைப்போல் பாவனை செய்யவைக்கும் மென்பொருள் அது. கறுப்புப் பெட்டிக்குள் அமர்ந்திருப்பதாக வரைகலை மென்பொருளை நம்பவைத்து, வெள்ளித்தகட்டுக்குள் குடியேற்றிவிடும். பிறகு அது கேட்பதை இதற்கும் இது சொல்வதை அதற்கும் மாற்றிமாற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கும். கோபித்துக்கொண்ட கணவனும் மனைவியும் "அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு", "அம்மாகிட்ட எனக்குப் பசியில்லைன்னு சொல்லு" என்று குழந்தை வழியாகக் குடும்பம் நடத்துவார்களே, ஏறக்குறைய அப்படி. குடும்பம் நடக்கும், ஆனால் சோறு ஆறிப்போகும்.

கோணமானியின் மென்பொருளும் அப்படித்தான் நடந்தது. ஒரு சுவரை நகர்த்தும்படி அவர் சொன்னால், திரையில் ஒரு வளையம் சுற்றத் தொடங்கும். அது சுற்றி முடிப்பதற்குள் ஒரு கொத்தனார் நேரில் வந்து நிஜச் சுவரையே நகர்த்திவிட்டுப் போயிருக்கலாம். தகட்டுக்குள் விசிறி கிடையாது, அழகுக்காக விட்டுவிட்டார்கள். ஆகவே அது சுட்டது.

"என்னங்க, ஃபிரிட்ஜில என் ஐஸ் பை இருந்துச்சே, எங்க?" என்றார் மனைவி.

"கம்ப்யூட்டருக்கு அடியில. அதுக்கு முதுகு சுடுது."

"எனக்கு முதுகு வலிக்குதே."

"உன் முதுகு நடுவுல அணைஞ்சுபோகாதே."

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு ஐஸ் பைகள் இருந்தன; பெரியது கணினிக்கு.

பல் மருத்துவர் தம் மனைவியோடு வந்தார். அவர் பேச்சில் ஒரு வழக்கம் உண்டு: கேள்வி கேட்பார், பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். வாயைத் திறந்துவைத்திருப்பவர்களோடு மட்டுமே காலமெல்லாம் உரையாடியதன் விளைவு. நிர்வாகம் முழுவதும் அவர் மனைவி கையில். எதையும் உடனே வாங்காதவர். வாங்கியதை ஒருபோதும் குறைசொல்லாதவர்.

"வரவேற்பு மேசைய ஜன்னல் பக்கம் தள்ளினா எப்படி இருக்கும்?" என்றார் மருத்துவரின் மனைவி.

கோணமானி சுட்டெலியை அழுத்தினார். வளையம் சுற்றத் தொடங்கியது. விருந்தினர் அதைப் பார்த்துவிடக் கூடாதே என்று திரையைச் சற்றே தம் பக்கம் திருப்பிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நோக்கினார். எதிர்வீட்டு மாடியில் ஒரு தண்ணீர்த்தொட்டி இருந்தது. அதைப் பார்த்தார். மருத்துவரும் பார்த்தார். மருத்துவரின் மனைவியும் பார்த்தார். மூவரும் தண்ணீர்த்தொட்டியைப் பார்த்தபடி வெகுநேரம் மௌனமாக இருந்தார்கள். அலமாரிக் கண்ணாடியில் திரையின் நிழல் தெரியும். வளையம் நின்றதை அதில் கண்ட பிறகே கோணமானி பெருமூச்சு விட்டுத் திரும்பினார்.

"செய்யலாம்" என்றார். மேசை ஜன்னலோரம் நின்றது.

மருத்துவரின் மனைவி கணவர் பக்கம் சாய்ந்தார். காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கவே சொன்னார்: "பார்த்தீங்களா, எவ்ளோ ஆழமா யோசிக்கிறாரு! போன வாரம் பார்த்த ஆளு நான் சொல்லி வாய மூடல, டக்குனு மாத்திக் காட்டினான். எனக்கு அப்பவே சந்தேகம்."

கோணமானி இதைக் கேட்டார். முதுகு தானாக நிமிர்ந்தது. அதன்பின் அவர் எமுலேட்டரைச் சபிக்கவில்லை. அதன் தாளத்துக்கே உடன்பட்டு, ஒவ்வோர் அழுத்தலுக்குப் பின்னும் தாடையைத் தடவிக்கொண்டு தொட்டியை நோக்கினார்.

காத்திருப்போர் கூடத்தையும் சிகிச்சை அறையையும் பிரிக்கும் சுவர் வந்தது. அதற்கு என்ன பூச்சு கொடுப்பது? மென்பொருளில் சுவர்ப்பொருள்களின் பட்டியல் சின்னச்சின்னச் சதுரங்களாக விரிந்தது. ஒவ்வொரு சதுரத்துக்கும் கீழே அதன் பெயர் இருந்திருக்கவேண்டும். எமுலேட்டர் வழியாக வந்ததில் எழுத்துகளெல்லாம் உதிர்ந்து, பெயருக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்கள் வரிசையாக நின்றன. கோணமானிக்கு இது பழகிவிட்டது. கண் உள்ளவனுக்குப் பெயர் எதற்கு என்பது அவர் கட்சி. ஒரு சதுரம் வெள்ளையாகத் தெரிந்தது. அழுத்தினார். தண்ணீர்த்தொட்டியைப் பார்த்தார். திரும்பினார்.

மருத்துவரின் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

சுவர் வெண்மையாகியிருந்தது. பாலின் வெண்மையல்ல, சுண்ணாம்பின் வெண்மையும் அல்ல. விளக்கொளி அதன்மேல் விழவில்லை; அதற்குள்ளிருந்தே ஒளி கசிவதுபோல் இருந்தது. முன்னால் கிடந்த நாற்காலிகளின் நிழல்கள் தரையில் நீண்டு, அந்தச் சுவரைத் தொட்டதும் பணிந்து மறைந்தன.

"இந்த வெள்ளை…" என்றார் மருத்துவரின் மனைவி.

மருத்துவர் பையைத் திறந்தார். பல்கட்டும்போது நிறம் பொருத்திப்பார்ப்பதற்காக மருத்துவர்கள் வைத்திருப்பார்களே, மாதிரிப் பற்களை விசிறிபோல் கோத்த ஒன்று, அதை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் திரையோடு வைத்துப்பார்த்தார். மஞ்சள் சாய்ந்தவை, நீலம் சாய்ந்தவை, திரைப்பட நடிகர்களுக்கென்றே செய்தவை. எதுவும் ஒட்டவில்லை.

"இது எங்ககிட்ட இல்லாத வெள்ளை" என்றார். "இதுக்கு என்ன பேரு?" கேட்டுவிட்டு, தம் தொழில்வாழ்க்கையில் முதன்முறையாக, பதிலுக்குக் காத்திருந்தார்.

"இதுக்குப் பேர் கிடையாது டாக்டர்" என்றார் கோணமானி. அன்று முழுவதும் அவர் சொன்னவற்றுள் உண்மையென்று எடுத்துக்கொள்ளத்தக்கது அது ஒன்றே.

"வேலை உங்களுக்குத்தான்" என்றார் மருத்துவரின் மனைவி. "ஆனா இந்த வெள்ளை வேணும். இதேதான். இதுல நூலளவு மாறினாலும் மொத்த வேலையும் வேணாம்னு சொல்லிடுவேன். நான் பல்லுலயே பொழுத ஓட்டுறவ. என் கண்ண ஏமாத்த முடியாது."

அன்று சாப்பாட்டு மேசையில் கோணமானி இருமுறை சோறு வாங்கிக்கொண்டார். மச்சான் தண்ணீர் மட்டும் குடித்தார்.

வெள்ளையைத் தேடும் படலம் தொடங்கியது. வெள்ளித்தகட்டை ஐஸ் பையோடு சேர்த்துத் துணியில் சுற்றிக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு, கோணமானி பெயின்ட் கடைக்குப் போனார்.

"எங்ககிட்ட இல்லாத வெள்ளை உலகத்துலயே இல்ல சார்" என்று கடைக்காரர் அட்டைகளை எடுத்துப் பரப்பினார். முத்து வெள்ளை, மேக வெள்ளை, முயல் வெள்ளை, மணப்பெண் வெள்ளை, மனச்சாட்சி வெள்ளை. திரையோடு வைத்துப்பார்த்தால் முத்து மங்கிற்று, மேகம் அழுக்காயிற்று, மனச்சாட்சி பழுப்பாகவே இருந்தது. கடைக்காரர் கலக்கினார், நீலம் ஒரு சொட்டு விட்டார், சிவப்பில் ஊசிமுனை அளவு தொட்டார். தகடு சூடேறித் திரை மங்கும்வரை கலக்கினார்.

"இது எதுலயும் வராது சார். நீங்க ஒரு நல்ல கண் டாக்டரப் பாருங்க."

"பல் டாக்டருக்குத்தான் இது வேணும்."

"அப்ப அவரையும் கூட்டிட்டுப் போங்க."

வீட்டில் மனைவி சொன்னார்: "என்னங்க, அண்ணன் கடையில ஒரு தடவ அந்த ஃபைலத் தொறந்து பாருங்களேன். அங்க பேராவது ஒழுங்கா தெரியும். பேரப் படிச்சா வாங்கிட்டு வந்துடலாம்."

"ஒரு பேரப் படிக்கறதுக்கு நான் அங்க போனா, இது ஓடலைன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி."

"ஓடுதுங்கறீங்க, படிக்கத்தான் முடியலைங்கறீங்க."

"ரெண்டும் வேற வேற."

"எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான் எழுதுவாங்க. வண்டிக்கு ஒண்ணும் ஆகல, ஓட்டத்தான் முடியலைன்னு."

கிளினிக் வேலையைச் செய்யும் ஒப்பந்தக்காரரோ கவலையே படவில்லை. கோணமானி அனுப்பிய கோப்பு அவரிடம் போய்ச் சேர்ந்து நாளாகியிருந்தது. "பெயின்ட் கடைக்கெல்லாம் நீங்க எதுக்கு சார் அலையுறீங்க? எந்தச் சுவருக்கு எதுன்னு ஃபைல்லயே தெளிவா எழுதியிருக்கே. நான் பாத்துக்கறேன்" என்றார் தொலைபேசியில்.

எழுதியிருக்கிறதா? என்ன எழுதியிருக்கிறது? இதைக் கேட்டிருந்தால் கதை இந்த வரியிலேயே முடிந்திருக்கும். ஆனால், தாம் வரைந்த படத்தில் தாமே எழுதியதைத் தமக்குப் படித்துக்காட்டும்படி ஓர் ஒப்பந்தக்காரரிடம் கேட்பது எப்படி? கோணமானி தாடையைத் தடவினார். "பாத்துச் செய்யுங்க" என்றார். வெள்ளையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு தம் தோளிலிருந்து இறங்கியதில், அன்று அவர் பென்சில்களைச் சீவினார்.

அடுத்த அழைப்பு, வேலை முடியும் கட்டத்தில், ஒரு காலையில் வந்தது.

"சார், பார்ட்டிஷன் மாட்டியாச்சு. அசந்துடுவீங்க. மேடம் மத்தியானம் பாக்க வர்றாங்களாம்."

"வெள்ளை எப்படி வந்திருக்கு?"

"எந்த வெள்ளை சார்?"

"சுவரோட வெள்ளை."

"சுவரா? அங்க கண்ணாடின்னுல்ல போட்டிருக்கீங்க! சாதாக் கண்ணாடி இல்ல சார், இருக்கறதே தெரியாத கண்ணாடி. காலையில எலக்ட்ரீஷியன் நேரா போய் முட்டிக்கிட்டாரு. மூக்கு வீங்கியிருக்கு."

கோணமானி தொலைபேசியை மேசைமேல் வைத்தார். அது கோணலாக இருந்தது. அவர் நேராக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, இத்தனை நாளும் போகாதிருந்த மச்சான் கடைக்குப் போனார்.

கடையில் மூன்றுபேர் நின்றால் நான்காமவர் தெருவில் நிற்கவேண்டும். மச்சான் ஒன்றும் கேட்கவில்லை; அது அவர் இயல்புக்கே மாறானது. கோப்பை வாங்கி ஒரு கறுப்புப் பெட்டியில் திறந்தார். வளையம் சுற்றவில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் கூடம் வந்தது, நாற்காலிகள் வந்தன, வரவேற்பு மேசை வந்தது. சுவர் வரவில்லை. சுவர் இருக்கவேண்டிய இடத்தின் வழியாக, யாரையோ படுக்கவைத்து வாயைத் திறக்கச்சொல்லக் காத்திருக்கும் சிகிச்சை நாற்காலி, அதன் துளைக்கருவிகளோடு, பளிச்சென்று தெரிந்தது. சதுரத்தின் கீழே பெயர் துல்லியமாக இருந்தது: தெளிகண்ணாடி.

"மாப்ள, சுவரையே காணோம்" என்றார் மச்சான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். "உங்க தகட்டுக்குள்ள நடிச்சிட்டிருக்கே ஒண்ணு, அதுக்கு இந்தக் கண்ணாடிய வரையத் தெரியல. தெரியாத எடத்த வெறுமையா விட்டுடுச்சு. பரீட்சையில பதில் தெரியாதவன் வெள்ளைப் பேப்பர மடிச்சுக் குடுப்பானே, அப்படி. நீங்க அதுக்கு முழு மார்க் போட்டு, கூட ஒரு டாக்டர் வீட்டம்மாகிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்க."

கோணமானி எழுந்தார்.

"இருங்க, நானும் வர்றேன்."

"நீங்க எதுக்கு?"

"அங்க முடிஞ்சதும் அப்படியே உங்க வீட்டுக்குத்தானே போகணும். முன்ரூம அளக்க டேப்ப எடுத்து வச்சிட்டேன்."

வழிநெடுகக் கோணமானி ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டே வந்தார். 'நான்' என்று தொடங்கினால் பழி தம்மீது விழும். 'கணினி' என்று தொடங்கினால் மச்சான் அங்கேயே டேப்பைப் பிரித்துவிடுவார். ஆளே இல்லாத வாக்கியம்தான் பாதுகாப்பு: 'ஒரு சிறிய பிழை நேர்ந்துவிட்டது.' யாருக்கு நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்பதைக் கேட்பவர் கேட்டுக்கொள்ளட்டும். அதை அவர் உதட்டுக்குள் பலமுறை சொல்லிப்பார்த்தார். மருத்துவரின் மனைவி நூலளவு மாற்றத்தையே பொறுக்காதவர். இங்கே மாறியிருப்பது ஒரு முழுச் சுவர். வேலை போகும், அறை போகும், குட்டைக்கால் மேசை மிஞ்சும்.

கதவைத் திறந்தார்கள்.

மருத்துவரின் மனைவி முன்னதாகவே வந்திருந்தார். கையில் பல்விசிறி. அதை உயர்த்திப் பிடித்தபடி கூடத்தின் நடுவில் அசையாமல் நின்றார். அவருக்கு எதிரே, தரையிலிருந்து கூரைவரை, அந்தச் சுவர் வெள்ளையாக நின்றது.

எலக்ட்ரீஷியன் மூக்கை இடித்துக்கொண்டதும், கண்ணாடி மாட்ட வந்தவர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்திருந்தார்கள். புதுக் கண்ணாடியில் யாரும் போய் முட்டாதிருக்க வெள்ளைப்பொடியைத் தண்ணீரில் குழைத்து ஒரு பெருக்கல்குறி போட்டுவைப்பார்கள். இங்கே மூக்கு வீங்கிய மனிதர் போட்ட கூச்சலில், பயந்துபோய், அகலத் தூரிகையால் முழுக்கவே பூசிவிட்டார்கள். சிகிச்சை அறை ஜன்னலின் வெயில் பின்னாலிருந்து அதன்மேல் பட்டு, உள்ளிருந்தே ஒளி கசிந்தது. நாற்காலிகளின் நிழல் அதன்மேல் விழவில்லை.

"பேசாதீங்க" என்றார் மருத்துவரின் மனைவி, யாரும் பேசாதபோது. "அதேதான். அன்னைக்குப் பாத்த அதே வெள்ளை. நான் சொன்னேன்ல, என் கண்ண ஏமாத்த முடியாது."

கோணமானி வாயைத் திறந்தார். ஆளில்லாத வாக்கியம் தொண்டையில் நின்றது. இப்போது எந்தக் கணினியும் ஓடவில்லை. எந்த வளையமும் சுற்றவில்லை. ஆனாலும் அவர் அப்படியே நின்றுபோனார். பார்ப்பதற்குத் தண்ணீர்த்தொட்டிகூட இல்லை.

"யோசிக்கிறாரு. தொந்தரவு பண்ணாதீங்க" என்று மருத்துவரின் மனைவி மற்றவர்களை அடக்கினார்.

மச்சானால் அதற்குமேல் பொறுக்கமுடியவில்லை. "மேடம், அது வந்து, வெறும்…"

"நீங்க யாரு?"

"இவரு மச்சான். கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கேன்."

"அப்படியா! இங்க எல்லா ரூமுக்கும் கம்ப்யூட்டர் வாங்கணுமே, யாரக் கேக்கறதுன்னு இருந்தேன். என்னமோ சொல்ல வந்தீங்களே, வெறும்…?"

மச்சான் எச்சிலை விழுங்கினார். அதோடு சேர்த்து இன்னொன்றையும் விழுங்கினார். "வெறும் வெள்ளைன்னு நெனச்சிடாதீங்கன்னு சொல்ல வந்தேன் மேடம். இதுக்குப் பின்னாடி எவ்ளோ உழைப்பு இருக்கு!"

அப்போது ஒப்பந்தக்காரர் ஈரத்துணியும் வாளியுமாகச் சுவரை நெருங்கினார். "மேடம் பாத்தாச்சுன்னா தொடச்சிடவா சார்?"

"தொடாத!" என்று இருவர் அலறினார்கள். மாப்பிள்ளையும் மச்சானும் ஒரே சொல்லை ஒரே குரலில் சொன்னது அந்தக் குடும்பத்தில் அதுவே முதன்முறை.

கோணமானி சுவரருகே சென்று, ஓரத்தைக் கூர்ந்து பார்த்தார். "இங்க ஒரு பூச்சு கம்மியா இருக்கு" என்றார்.

மருத்துவரின் மனைவி நெகிழ்ந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிளினிக் திறந்தது. சாய்ந்து அமர்ந்தவர்கள் எழுந்து போகும்போது தோளில் வெள்ளையைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார்கள். நோயாளிகளுக்கு ரசனை போதாதென்று மருத்துவரின் மனைவி வருந்தி, சுவருக்கு முன்னால் ஒரு கயிறு கட்டச் சொன்னார். கண்ணாடி மாட்டியவர் வாரந்தோறும் வாளியோடு வந்து பூசிவிட்டுப் போகிறார். வரவேற்பு மேசையில் அவரைப் பூச்சு நிபுணர் என்று அழைக்கிறார்கள். ஒருமுறை மழைக்காலத்தில் ஈரம் கோத்து நடுவில் ஓரிடம் வழிந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாக உள்ளே நடப்பதைக் கண்ட ஒருவர், தமக்குப் பல்வலி நின்றுவிட்டதாகச் சொல்லி வீட்டுக்குப் போனார். மற்றபடி குறையில்லை.

சுவரைப் பார்த்த அன்று வீட்டுக்குத் திரும்பிய கணவரின் சட்டைக்கையை மனைவி பிடித்து, ஒட்டியிருந்த பொடியை இரு விரலால் தேய்த்துப்பார்த்தார்.

"பெயின்ட் இப்படி உதிராதே?"

கோணமானி ஜன்னலை நோக்கினார்.

"அண்ணா, நீ சொல்லு. உண்மையச் சொல்லு. அந்தக் கம்ப்யூட்டர்ல அது ஓடிச்சா?"

சட்டைப்பையில் கிளினிக்கின் கணினி ஆர்டர் இருந்தது. மச்சான் அந்தப் பையை ஒருமுறை தொட்டுக்கொண்டார். "ஓடிச்சும்மா. பிரமாதமா ஓடிச்சு."

மனைவி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அலுவலகத்தில் இப்படிப்பட்ட மனுக்களின் ஓரத்தில் அவர் ஒரு சிறிய கோடு போட்டுவைப்பது வழக்கம். இங்கே கோடு போடக் காகிதமில்லை. "சரி. முன்ரூம் உங்களுக்கு" என்றார். "என் ஐஸ் பை எனக்கு."

முன்னறை கோணமானிக்கே நிலைத்தது. ஆனால் வாயை மூடிக்கொண்ட மச்சானுக்கும் அந்த அறையில் ஏதேனும் பங்கு வேண்டுமே. மச்சான் சும்மா இருக்கவில்லை. "பாதுகாப்பா இருக்கட்டும்" என்று ஒரே ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து மேசைக்கு அடியில் வைத்து, விரிப்பால் மூடினார். வயர் ஒன்று அங்கிருந்து மேலேறி வெள்ளித்தகட்டுக்குள் நுழைந்தது. வேலையைக் கறுப்புப் பெட்டி பார்த்தது. தகடு படத்தை மட்டும் காட்டிக்கொண்டு, தானே செய்வதுபோல் வீற்றிருந்தது. முன்பு பாவனை உள்ளே இருந்தது. இப்போது வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்ததாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் வந்தார். அலமாரியை இடம் மாற்றச் சொன்னார். கோணமானி அழுத்தினார், அழுத்திய விரலை எடுக்குமுன் அலமாரி இடம் மாறியிருந்தது.

"ஐயோ, இவ்ளோ சீக்கிரமாவா?" என்றார் அந்த அம்மாள். முகம் வாடிவிட்டது. "நான் இன்னும் ரெண்டு எடத்துல விசாரிச்சிட்டு வரேன் சார்." செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் திரும்பவில்லை.

அதன்பின் கோணமானி ஒரு பயிற்சியை மேற்கொண்டார். அழுத்துவார், திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொள்வார், தாடையைத் தடவுவார், தண்ணீர்த்தொட்டியை நோக்குவார். திரையில் எல்லாம் எப்போதோ முடிந்திருக்கும். எமுலேட்டர் எவ்வளவு நேரம் எடுத்திருக்குமோ அவ்வளவு நேரம் கழித்துப் பெருமூச்சு விட்டுத் திரும்பி, "செய்யலாம்" என்பார். சுவருக்குக் கொஞ்சம், கூரைக்கு அதிகம், படிக்கட்டுக்கு மிக அதிகம் என்று அந்தக் கால அளவுகளை அவர் துல்லியமாகக் காத்தார். வாடிக்கையாளர்கள் பெருகினார்கள்.

பழக்கம் வேரோடிவிட்டது. ஒரு மாலையில் மச்சான் வந்து, பெட்டிக்குத் தூசி தட்டும் சாக்கில் முன்னறையிலேயே கால்நீட்டி அமர்ந்திருந்தார். வாசலில் மனைவி ஒரு கோப்பைத் தேநீரோடு நின்றார்.

"என்னங்க, டீ வேணுமா?"

கோணமானி தாடையைத் தடவினார். ஜன்னலுக்கு வெளியே நோக்கினார். எதிர்வீட்டு மாடியில் தண்ணீர்த்தொட்டி அசையாமல் இருந்தது. உரிய நேரம் கழிந்த பிறகு, பெருமூச்சு விட்டுத் திரும்பினார்.

"குடிக்கலாம்" என்றார்.

மச்சான் காலிக் கோப்பையைத் தங்கையிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.